டிரெய்லரில் உட்கார ஓர் ஆள்

போன மாதம் என் வீட்டுக்கு ஓர் இளைய நண்பர் வந்திருந்தார். நான் ஓய்வுபெற்று எழுந்துவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். பேச்சுவாக்கில் ஒரு சந்தேகம் கேட்டார். யாரோ ஒருவர் காரின் பின்னால் டிரெய்லர் மாட்டிப் படகு இழுத்துப்போகப் போகிறாராம். அவருக்குக் கார் லைசென்ஸ் மட்டும் போதுமா, எவ்வளவு எடை வரை விடலாம், உங்கள் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில், எடையை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று நான் கேட்டேன்.

"அதுக்கென்ன சார், கம்பெனி பேப்பர்லயே போட்டிருக்கான். அதப் பாத்து ஏத்திடுவோம்."

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. கிளம்பும்போது, ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு நீங்கள் ஒன்று எழுத வேண்டும், சுவையான அனுபவமாக இருக்கட்டும் என்றார். சுவையான அனுபவங்களை எல்லாம் பல கூட்டங்களில் சொல்லித் தீர்த்துவிட்டேன். சொல்லாமல் வைத்திருப்பது ஒன்றுதான். அதில் சுவை கிடையாது.

நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஊர் இந்தியாவோடு சேர்ந்த பிறகு அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இங்கே பிழைக்க முடியாது என்று தெரிந்ததும் ஆங்கிலத்தில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தேன். ஒரு பணிமனையில் இரண்டு வருடம் கிரீஸ் பூசிக்கொண்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் வேலை கிடைத்தது. பதவியின் பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் லாரிக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள். நான் என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்தேன். நான் சரி என்று எழுதிய வண்டி ரோட்டில் போகிறது, அதில் ஆட்கள் போகிறார்கள் என்ற நினைப்பு சாப்பிடும்போதுகூட வரும். காவல் நிலைய வாசலில் நொறுங்கிய வண்டி ஏதாவது கிடந்தால், சைக்கிளை விட்டிறங்கி முதலில் நம்பரைத்தான் பார்ப்பேன். என்னுடையதாக இல்லாவிட்டால் மூச்சு வரும்.

என் மேலதிகாரி வரதராசன் விழுப்புரம் பக்கத்துக்காரர். தமிழ்நாட்டுப் பணியிலிருந்து எங்களிடம் அனுப்பப்பட்டவர். அதிகம் பேச மாட்டார். வண்டியைப் பார்க்க வந்தால் முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றுவார். எதையும் தொட மாட்டார். இரண்டாவது சுற்றில் பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து, சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். தட்டும்போது தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார். இறுகிய நட்டு மணி போல ஒலிக்கும். தளர்ந்தது தகரம் போல. பிறகு தாமே வண்டியில் ஏறி உட்கார்ந்து ஓடவிட்டு பிரேக் போடச் சொல்வார். நின்றதும் இறங்கி, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் டிரம்மிலும் வைத்துப் பார்ப்பார். மூன்று சூடாக இருந்து ஒன்று ஆறிக்கிடந்தால், "ஒரு காலு நொண்டுது, சரி பண்ணிட்டு வா" என்பார். அவ்வளவுதான். வாதாட வந்தவர்களுக்கு அவர் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யார் எழுதிக்கொடுத்த எடையையும் நம்ப மாட்டார். சுமை ஏற்றும் வண்டி எதுவானாலும் எடைமேடையில் ஏற்றி, சீட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். "எடைச்சீட்டு எங்க?" என்ற அந்தக் கேள்வியை என் கனவில்கூடக் கேட்டிருக்கிறேன்.

டிரெய்லர் விஷயத்தில் விதி அப்போது இப்படி இருந்தது. இழுக்கும் வண்டியின் டிரைவர் பிரேக்கை மிதித்தால் பின்னால் இருக்கும் டிரெய்லரிலும் பிரேக் பிடிக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால், டிரெய்லரிலேயே ஓர் ஆள் உட்கார்ந்து கைப்பிரேக் போட வேண்டும். எங்கள் பக்கம் டிராக்டர்தான் டிரெய்லர் இழுக்கும். கார் டிரெய்லர் இழுப்பது ஊரில் அபூர்வம். ஓட்டுபவருக்குக் கார் லைசென்ஸ் இருந்தாலும், டிரெய்லரோடு ஓட்டிக்காட்டச் சொல்லித்தான் அனுமதிப்போம். அதில் முக்கியமான சோதனை பின்னால் எடுப்பது. டிரெய்லர் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஸ்டீரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். வருடக்கணக்காகக் கார் ஓட்டியவர்கள்கூட இதில் வியர்த்துப்போய், டிரெய்லரைக் காரின் விலாவில் மடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

முசே என்று நாங்கள் பிரெஞ்சு வழக்கத்தில் கூப்பிட்ட தனிஸ்லாஸ் ஐயா அப்படி நிற்கவில்லை. அவர் எங்கள் ஊர்த் தமிழர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, ஓய்வூதியத்தோடு திரும்பி வந்திருந்தார். கப்பலில் ஒரு காரையும் ஒரு சிறு டிரெய்லரையும் கொண்டுவந்திருந்தார். அங்கே விடுமுறைக்குப் போகிறவர்கள் கூடாரம், கட்டில் எல்லாம் போட்டு இழுத்துப்போகும் வகை. இங்கே அவர் அதை வேறு வேலைக்கு வைக்க நினைத்தார். அப்போது கரண்டு அடிக்கடி போகும். கல்யாணத்துக்கும் தேர்த்திருவிழாவுக்கும் ஜெனரேட்டரும் சீரியல் பல்பும் வாடகைக்கு விடுவதுதான் அவர் திட்டம். முத்தியால்பேட்டையில் ஒரு பட்டறையில் கொடுத்து டிரெய்லரின் சட்டத்தை ஆங்கிள் இரும்பு வைத்து நீட்டியிருந்தார். பின்கோடியில் ஓர் இரும்பு இருக்கை. அதில் உட்காருகிறவன் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார முடியும். டிரெய்லரில் ஏற்கெனவே இருந்த கைப்பிரேக்கை ஒரு கம்பி வைத்து அந்த இருக்கைப் பக்கம் இழுத்து, நீளமான பிடி ஒன்று போட்டிருந்தார்கள்.

லாஸ்பேட்டைத் திடலில் சோதனை. முசே என்னிடம் பிரெஞ்சில் பேசினார். அந்த அலுவலகத்தில் என் பிரெஞ்சு ஒரு கேலிப்பொருள். தமிழ்நாட்டிலிருந்து வந்த சக ஊழியர்கள் என்னை 'தொரை' என்பார்கள். பிரெஞ்சுக்காரன் போயிட்டான், உன்னை மறந்து விட்டுட்டான் என்பார்கள். அன்று முதல்முறையாக அந்த மொழி ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது. முசே என்னிடம், தன் பட்டாளத்து அதிகாரியிடம் பேசுவதுபோல, மரியாதையாகப் பேசினார். நான் நிமிர்ந்து நின்றேன்.

காலி டிரெய்லர். மேலே இரண்டு பலகை மட்டும். முசே அதை ஒரே தடவையில் பின்னால் எடுத்து, நான் சுண்ணாம்பில் போட்டிருந்த கோட்டுக்குள் நிறுத்தினார். கைப்பிரேக்கை நான் இழுத்துப் பார்த்தேன். பிடித்தது. வரதராசன் நட்டுகளைத் தட்டினார், டிரம்மில் புறங்கை வைத்தார். பிறகு கேட்டார், இதில் என்ன ஏற்றப் போகிறார் என்று. நான் முசேயிடம் கேட்டேன். சின்ன என்ஜின், கொஞ்சம் ஒயர் என்றார். அதையே சொன்னேன்.

"எடைச்சீட்டு எங்க?"

அப்போது ஊரின் நூற்பு மில்லில் கதவடைப்பு. ஊரில் இருந்த எடைமேடை அந்த மில்லின் வளாகத்துக்குள் இருந்தது. கதவு பூட்டிக் கிடந்தது. அடுத்த எடைமேடை எல்லை தாண்டித் தமிழ்நாட்டில். முசே முகம் சுளித்தார். டிரெய்லரின் முன்பக்கச் சட்டத்தில் அடித்திருந்த பித்தளைப் பிளேட்டை எனக்குக் காட்டினார். அதில் பிரெஞ்சில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று, காலி டிரெய்லரின் எடை. இன்னொன்று, சுமையோடு சேர்த்து இந்த டிரெய்லர் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது. எழுநூற்றைம்பது கிலோ. அந்த அளவுக்குள் இருந்தால் பிரான்சில் சாதாரணக் கார் லைசென்ஸ் போதும். தாண்டினால் தனிச் சோதனை வேண்டும். முசேயிடம் இருந்தது சாதாரண லைசென்ஸ். அந்த எண்ணின் மேல் அவர் விரல் ஏன் போனது என்று எனக்குப் புரிந்தது.

அந்த இரண்டு எண்களில் எதுவும், இவர் ஏற்றப்போகும் ஜெனரேட்டர் எவ்வளவு கனம் என்று சொல்லாது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

பிளேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று வரதராசன் என்னைக் கேட்டார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.

"லோடோட எழுநூத்தம்பது, சார்."

"நீ படிச்சுப் பாத்தியா தம்பி?"

"பாத்தேன் சார்."

அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பேனாவை எடுத்தார். எடைச்சீட்டு இல்லாமல் அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அது தாண்டக் கூடாத அளவுதான், எடைபோட்ட கணக்கு இல்லை என்பதை நான் சொல்லவில்லை; என் பிரெஞ்சை நம்பிப் போட்டார். நிபந்தனையை என் கையால் எழுதினேன்: டிரெய்லர் ஓடும்போதெல்லாம் பிரேக் போடத் தெரிந்த ஓர் ஆள் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் அதற்கு ஒன்றும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கதை கேட்பவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பிரெஞ்சு தெரிந்தவன் என்று இரண்டு பேர் முன்னால் நின்ற அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. மறுத்திருந்தால் அது போயிருக்கும்.

நான் எழுதிய நிபந்தனைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் ஆறுமுகம் வந்தார். முத்தியால்பேட்டைக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பூட்டிய மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தவர். இரண்டு பெண் குழந்தைகள். வேலையில்லாமல் இருந்தவருக்கு முசே இந்த இருக்கையைக் கொடுத்தார். முசே ஹாரனை இரண்டு தடவை தட்டினால் ஆறுமுகம் பிடியை இழுக்க வேண்டும். இதுதான் வேலை.

முழுச் சுமையோடு அந்த டிரெய்லரை முதன்முதலில் நான் பார்த்தது உழவர்கரையில், ஒரு கல்யாண வீட்டு வாசலில். சின்ன என்ஜின் இல்லை அது. பழைய கப்பல் சாமான் போல இருந்த ஒரு டீசல் ஜெனரேட்டர். பக்கத்தில் டீசல் டிரம் வேறு. டிரெய்லரின் வில் பட்டைகள் நிமிர்ந்து தட்டையாகிவிட்டன. டயர் அடியில் பிதுங்கியிருந்தது. கொக்கிப் பக்கம் அழுத்தி, காரின் மூக்கு மேலே தூக்கியிருந்தது. எடைமேடை வேண்டாம். கண்ணே போதும். பிளேட்டில் போட்டிருந்த அளவுக்கு ஒன்றரை மடங்காவது இருக்கும்.

பந்தலுக்குள் ஆறுமுகம் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து சலாம் வைத்தார். "அய்யா எழுதிக் குடுத்ததாலதான் எனக்கு இந்த வேல" என்றார். அவர் பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. ஊரில் எங்கே ஜெனரேட்டர் சத்தம் கேட்டாலும் சைக்கிளை நிறுத்திக் காதுகொடுப்பேன். கல்யாண மாதம் வந்தால் தூக்கம் போய்விடும். சமவெளியான தெருக்களில் மெதுவாகப் போகும்வரை ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பிறகு ஊர் எல்லையில் இருக்கும் கோரிமேட்டு இறக்கம் நினைவுக்கு வரும். மறுபடி எடைபோடச் சொல்லி ஒரு நோட்டீஸ் கொடுத்திருக்கலாம். எனக்கு அதிகாரம் இருந்தது. கொடுத்தால் வரதராசன் கேட்பார், அன்றைக்கு லோடோடு எழுநூற்றைம்பது என்று சொன்னாயே, யார் எடைபோட்டது என்று. ஒரு மனிதன் சாகலாம் என்ற பயமும், ஒரு மனிதர் என்னைக் கேட்பார் என்ற பயமும் எனக்குள் சேர்ந்தே இருந்தன. இரண்டாவதுதான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறுமுகம் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. பின்கட்டில் அடிபம்பு இருந்த இடத்தில் வந்து நின்றார். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் எனக்குக் காட்டினார். கொப்புளம் வெடித்து, தோல் உரிந்திருந்தது.

"அய்யா, இழுத்தா நிக்க மாட்டேங்குது. தள்ளிக்கினே போவுது. எனக்குத்தான் கை பத்தலையோ என்னமோ. மில்லுல இருந்து வந்தவன், வண்டி வேல எனக்கென்ன தெரியும். எப்பிடிப் புடிக்கணும்னு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

முசேயிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம். "இன்ஸ்பெக்டரே பாத்து எழுதிக் குடுத்த பிரேக்கு, ஒனக்குப் புடிக்கத் துப்பில்லனா வேற ஆளு பாக்கறேன்" என்று முசே சொல்லிவிட்டாராம்.

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கையில் குறை இல்லை, எடை அதிகம், இனி அதில் ஏறாதீர்கள். வாய்வரை வந்தது. ஏறாவிட்டால் அவருக்கு வேலை இல்லை என்பதும் வந்தது. ஆனால் அதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். என்னைத் தடுத்தது அதில்லை. எடைச்சீட்டு எங்கே என்ற குரல்தான்.

நான் செய்தது இது. அவர் கைகளைப் பிடித்து அடிபம்பின் பிடியில் வைத்தேன். ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது, முதலில் பாதி, பிறகு முழுசு என்றேன். உடம்பைப் பின்னால் சாய்த்து, தோளிலிருந்து இழுக்க வேண்டும் என்றேன். எப்போதும் இரண்டு கை, ஒரு கையை எதற்கும் எடுக்கக் கூடாது என்றேன். அவர் கவனமாகக் கேட்டு, பம்பை இழுத்து இழுத்துப் பழகினார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். தொட்டி நிரம்பிவிட்டது, போதும் என்றாள். அவரும் சிரித்தார். "இப்ப புரிஞ்சிச்சு அய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும், நான் பயந்தது வீண் என்று நினைக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் பிற்பகல் கோரிமேட்டுச் சோதனைச் சாவடியில் ஒரு லாரியைப் பார்த்துவிட்டு, அலுவலக ஸ்கூட்டரில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். இறக்கம் தொடங்கும் இடத்தில், முன்னால் அந்த டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ விசேஷத்தை முடித்துக்கொண்டு, முழுச் சுமையோடு வந்துகொண்டிருந்தார்கள். ஆறுமுகம் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதாவது என்னைப் பார்த்து. இரண்டு கைகளும் பிடியில் இருந்தன. நான் சொல்லிக்கொடுத்தபடி, தோளைச் சாய்த்து.

எனக்குத் தாண்டிப்போகத் தைரியம் இல்லை. பின்தங்கவும் மனம் இல்லை. அதே தூரத்தில் போனேன். டிரெய்லர் இடமும் வலமும் லேசாக ஆட ஆரம்பித்தது. அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளுகிறது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன கத்துவது என்று தெரியவில்லை.

அப்போது ஆறுமுகம் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது. ஒரு கையை எடுத்து எனக்குச் சலாம் வைத்தார்.

கீழே ஒரு மாட்டுவண்டி ரோட்டைக் கடந்தது. ஹாரன் இரண்டு தடவை ஒலித்தது. ஆறுமுகம் ஒரு கையால் இழுத்தார், உடனே மற்றக் கையையும் போட்டார். டயர் தேயும் வாசனை எனக்கு வந்தது. டிரெய்லர் நிற்கவில்லை. கார் நின்றுவிட்டது, டிரெய்லர் அதைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் மடங்கியது. ஒரு புளிய மரத்தில் மோதி, ஜெனரேட்டர் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு ஆறுமுகத்தின் கால்மேல் சரிந்தது. அவர் கடைசிவரை பிடியை விடவில்லை. விட்டுக் குதித்திருந்தால் கால் தப்பியிருக்கும்.

நானும் மாட்டுவண்டிக்காரரும் வேறு சிலரும் சேர்ந்து அதைப் புரட்டினோம். முசே ரோட்டில் உட்கார்ந்து பிரெஞ்சில் ஏதோ பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் வழியெல்லாம் ஆறுமுகம் நினைவோடுதான் இருந்தார். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கைய எடுத்துட்டேன் அய்யா, நீங்க சொல்லியும் எடுத்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உயிர் பிழைத்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்த்து அறிக்கை தருவதும் எங்கள் வேலைதான். மறுநாள் வரதராசன் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். சுத்தியலை வெளியே எடுக்கவே இல்லை. புரண்டு கிடந்த ஜெனரேட்டரின் முன்னால் வெகுநேரம் நின்றார். கயிற்றின் ஒரு முனையைக் காலால் நகர்த்திப் பார்த்தார். பிறகு, நீ நேரில் பார்த்தவன், நீயே எழுது என்றார்.

எழுதினேன். மாட்டுவண்டி திடீரென்று குறுக்கே வந்தது, டிரெய்லரில் இருந்தவர் அந்த நேரத்தில் பிரேக்கை இரு கைகளாலும் பிடித்திருக்கவில்லை என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இரண்டு கையாலும் பிடித்திருந்தாலும் அது நின்றிருக்காது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். எடை என்ற இடத்தில் பிளேட்டில் இருந்த எண்ணையே மறுபடி எழுதினேன்.

வரதராசன் அதைப் படித்தார். எடை என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்பார் என்று காத்திருந்தேன். இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன், அன்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கேட்டால் அவர் போட்ட கையெழுத்தும் வரும் என்பதாலா, என்மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டாரா, தெரியாது. கையெழுத்துப் போட்டார். ஆனால் அதற்குப் பிறகு, ஓய்வுபெற்றுப் போகும்வரை, அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

முசே மீண்டும் பிரான்சுக்கே போய்விட்டார். போகுமுன், ஆறுமுகத்துக்கு ஒரு டீக்கடை போட உதவினார். கடை எங்கே அமைந்தது தெரியுமா? லாஸ்பேட்டையில், நாங்கள் வண்டி பார்க்கும் திடலின் ஓரத்தில். சோதனைக்கு வருகிறவர்கள் காத்திருக்கும் இடம், வியாபாரம் நடக்கும் என்று அவரே தேர்ந்தெடுத்தார்.

அதற்குப் பிறகு பல வருடங்கள், வேலை நாள் ஒவ்வொன்றிலும் அவர் என் கண்ணில் பட்டார். நான் ஊரில் கண்டிப்பான இன்ஸ்பெக்டர் என்று பெயர் வாங்கியது அந்த வருடங்களில்தான். எடைச்சீட்டு இல்லாமல் ஒரு கட்டைவண்டியைக்கூட விட மாட்டேன் என்று சொல்வார்கள். 'எடைமேடை' என்று எனக்குப் பட்டப்பெயர். சக ஊழியர்கள் அதைப் பாராட்டாகவே சொன்னார்கள். டிரெய்லர் ஒன்று திடலுக்குள் நுழைந்தால் என் கண் தானாக டீக்கடைப் பக்கம் போகும். அவ்வளவுதான் என் கண்டிப்பு.

அவருக்கு என்மேல் ஒரு குறையும் இல்லை. இதுதான் தாங்க முடியாதது. டிராக்டர் டிரெய்லரோடு வரும் ஆட்களுக்கு டீ ஆற்றிக்கொண்டே பாடம் சொல்வார். "இன்னாடா ஒத்தக் கையால புடிச்சிக்கினு வர? இந்தக் கால பாத்துக்கோ. ஒத்தக் கை புடிச்சவன் காலு இது" என்று கட்டைக்காலைத் தூக்கிக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். என்னைக் கைகாட்டி, "அய்யா அவுங்க வூட்டு பம்புலயே கத்துக் குடுத்தாரு. எனக்குத்தான் புத்தி இல்ல, சலாம் வெக்கப் போயிட்டேன்" என்பார். நான் டீயைக் குடித்துவிட்டுத் திடலுக்குத் திரும்புவேன். என் முன்னாலேயே இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். நான் ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் எனக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் மாலை, திடல் காலியான பிறகு, அவர் கடையில் போய் உட்கார்ந்தேன். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு பேரனும் பிறந்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். புது ஊரில் யார் டீ போட்டுத் தருவார்கள் அய்யாவுக்கு என்றார்.

அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அன்றைக்கு உங்கள் கை எடுத்ததால் நடந்தது இல்லை. ஜெனரேட்டர் அந்த டிரெய்லருக்கு மேல் கனம். பத்துப் பேர் பிடித்திருந்தாலும் நின்றிருக்காது. அதை எடைபோடாமலே, பிளேட்டில் இருந்த எண்ணை வைத்து எடை சரி என்று நம்பவைத்தவன் நான். கல்யாண வீட்டு வாசலில் பார்த்த அன்றே எனக்குத் தெரியும்.

அவர் அடுப்பைச் சிறிதாக்கினார். பால் பொங்குவது அடங்கியது. இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கைகளைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பதிமூன்று பதினான்கு வருடம் அவர் திட்டிய கைகள்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவே போயிருந்தேன். அவர் குரல் உயரவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"அப்ப அன்னிக்கு பம்புகிட்ட எதுக்கு அய்யா என் கையப் புடிச்சி சொல்லிக் குடுத்தீங்க?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எப்போதும் போல டீயை ஆற்றி, கண்ணாடி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதை நான் குடித்தேனா, அப்படியே வைத்துவிட்டு எழுந்தேனா என்பது இன்றைக்கு எனக்கு நினைவில்லை.